சூலூர்பேட்டை லோக்கலில் கழிவறை ஏன் இல்லை? மெமு வண்டியை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

கேட்டவர்: ஏரிக்கரைத் தையல்

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆந்திர எல்லைக்குள் இருக்கும் சூலூர்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். தாத்தா காலத்தில் பொன்னேரிப் பக்கத்திலிருந்து இங்கே வந்த குடும்பம். வீட்டுக்குள் தமிழ், கடை வாசலில் தெலுங்கு. இங்கே ரயில் விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகப் பதில் எழுதுவதைப் பார்த்துத்தான் கேட்கிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. இதயத்துக்காக மாதம் ஒரு தடவை சென்னையில் டாக்டரைப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் முதுகு தாங்காது, கார் வைத்துப் போகும் வசதி எங்களுக்கு இல்லை. காலையில் சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் ஸ்டேஷனுக்குப் போகும் லோக்கல்தான் கதி. 83 கிலோமீட்டர். வழியில் தாமதமாகாமல் சொன்ன நேரத்துக்குப் போனாலே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த வண்டியில் கழிவறை கிடையாது.

அம்மாவுக்கு நீர் பிரிய ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே அடிக்கடி எழுந்து போக வேண்டும். போன மாதம் ஸ்டேஷனில் டீ வாங்கச் சில்லறை எடுக்க அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். இரண்டு ஐந்து ரூபாய்க் காசோடு அந்த வெள்ளை மாத்திரையும் உருண்டு விழுந்தது. சென்னை போகும் நாளெல்லாம் அதைப் போடாமல் முடிந்து வைத்துக்கொள்வது வழக்கம் என்று அப்புறம்தான் சொன்னார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து தண்ணீரும் குடிப்பதில்லையாம். டாக்டரைப் பார்க்கப் போவதற்காக டாக்டர் கொடுத்த மருந்தை விடுகிறார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் இத்தனை மாதம் எனக்குத் தெரியவில்லை.

அதற்கு முந்தின மாதம் ஒரு எக்ஸ்பிரஸுக்கு வழிவிட எங்கள் வண்டி நெடுநேரம் நின்றது. அடுத்த ஸ்டேஷனில் அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினேன். அங்கே கழிவறை பூட்டியிருந்தது. அதன் பிறகு நடந்ததை நான் எழுதப் போவதில்லை. யாரென்றே தெரியாத ஒரு தெலுங்குக்கார அம்மா தன் சால்வையை விரித்துப் பிடித்து, 'பர்வாலேது பெத்தம்மா' என்று சொல்லிக்கொண்டே முன்னால் நின்றார். அவர் போக வேண்டிய வண்டியையும் எங்களுக்காக விட்டுவிட்டார்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். நெல்லூர்ப் பக்கம் போகும் மெமுவில், அதாவது ஊர் விட்டு ஊர் ஓடும் மின்சார வண்டியில், கழிவறை இருக்கிறது. அதே தண்டவாளம், அதே கம்பி, அதே கரண்ட். எங்கள் லோக்கலில் மட்டும் ஏன் இல்லை? அப்புறம், பிளாட்பாரத்துக்கு வண்டி வரும்போதே இது லோக்கல், இது மெமு என்று எப்படித் தெரிந்துகொள்வது? கிட்டே வந்து நின்ற பிறகு தேடி ஓட அம்மாவால் முடியாது.


பதில்: தடா ஷிப்ட்

அக்கா, நான் பொன்னேரிக்காரன். தினம் தடாவில் இறங்கி ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போகிறேன். உங்களுக்கு எதிர்த் திசை.

உடனே செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். ஒரே மூச்சில் 83 கிலோமீட்டர் போகாதீர்கள். சூலூர்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட் என்று இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டியில் இறங்கி அம்மாவைக் கழிவறைக்குக் கூட்டிப் போய், ஒரு டீ குடித்துவிட்டு ஏறலாம். கும்மிடிப்பூண்டியிலிருந்தே புறப்படும் லோக்கல் நிறைய உண்டு. அந்த வண்டி காலியாக நிற்கும், ஜன்னல் ஓரமாக உட்கார வைக்கலாம். சூலூர்பேட்டை வண்டியை விட்டால் அடுத்தது எப்போது என்று காத்திருக்க வேண்டும், கும்மிடிப்பூண்டியில் அந்தக் கவலை குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தப்பாக நினைக்காதீர்கள். லோக்கலை எல்லாம் எடுத்துவிட்டு மெமு விடச் சொல்லி யாராவது மனு எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஷிப்ட் விடும் நேரத்தில் தடா பிளாட்பாரத்தைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை பேரையும் அரை நிமிஷத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்புவது லோக்கல் ஒன்றுதான். சீசன் டிக்கெட்டும் இந்த வண்டியும் இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் வேலைக்கே போக முடியாது.


பதில்: ஓய்வுபெற்ற ஷெட்காரன்

தங்கச்சி, முதலில் மாத்திரை. அதை அம்மாவாக நிறுத்த விடாதீர்கள். பயண நாளில் எத்தனை மணிக்குப் போடலாம் என்று டாக்டரிடமே நேராகக் கேளுங்கள். ரயிலில் கழிவறை இல்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். என் மனைவிக்கு இதே பிரச்சினை இருந்தது, கேட்ட பிறகுதான் வழி கிடைத்தது.

நான் ஆவடி கார் ஷெட்டில் 31 வருடம் வேலை பார்த்தேன். நீங்கள் ஏறுகிற வண்டியெல்லாம் என் கையில் வந்து போனவைதான். மேலேறி, கம்பியைத் தொட்டுக் கரண்ட் எடுக்கும் பேன்டோவில் கார்பன் பட்டை தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதில் தொடங்கி, அடியில் படுத்து மோட்டார் பிரஷ் மாற்றுவது வரை எல்லாம் செய்திருக்கிறேன். அதனால் உங்கள் முதல் கேள்வி எனக்குச் சுருக்கென்று பட்டது. இத்தனை வருடம் மோட்டாரைப் பார்த்தோம், உட்கார்ந்திருந்தவர்களின் சங்கடத்தைப் பார்க்கவில்லை.

லோக்கல், யூனிட் என்று நாம் சொல்கிற இ.எம்.யூ. ஊருக்குள் ஓடுவதற்காகப் பிறந்த வண்டி. இந்தியாவில் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3-ம் தேதி பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடியது. நம் ஊரில் 1931-ல் பீச்–தாம்பரம், அதுவும் மீட்டர் கேஜ். 30 கிலோமீட்டர்கூட இல்லை. ஏறினோம், இறங்கினோம் என்ற தூரம். அதில் யாரும் கழிவறை கேட்கவில்லை, யாரும் வைக்கவும் இல்லை. அப்புறம் ஊர் வளர்ந்தது, கம்பி வளர்ந்தது, வண்டியும் கும்மிடிப்பூண்டி தாண்டி ஆந்திராவுக்குள் உங்கள் ஊர் வரை வந்துவிட்டது. பெட்டியின் வரைபடம் மட்டும் ஊருக்குள் ஓடிய அதே வரைபடம். உங்கள் கேள்விக்கு நான் நேர்மையாகச் சொல்லக்கூடிய பதில் இதுதான்.

தம்பி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சூலூர்பேட்டைக்கும் சென்னைக்கும் நடுவில் 20 ஸ்டேஷன் வருகிறது. ஒவ்வொன்றிலும் நின்று கிளம்ப வேண்டும். முன்னால் ஒரே எஞ்சின் வைத்து இழுத்தால் அது வேகம் பிடிப்பதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். அதனால்தான் லோக்கலில் எஞ்சின் என்று தனியாகக் கிடையாது. நடுநடுவே மோட்டார் பெட்டி இருக்கும். கம்பியில் வருவது 25,000 வோல்ட். அதைப் பெட்டிக்கு அடியில் உள்ள டிரான்ஸ்பார்மர் குறைத்து மோட்டார்களுக்குக் கொடுக்கும். ஒரு மோட்டார் பெட்டிக்கு நாலு மோட்டார். எல்லா மோட்டார் பெட்டியும் ஒரே நேரத்தில் தள்ளுவதால் வண்டி சட்டென்று எழும்பும். பழைய வண்டியில் கிளம்பும்போது டக் டக்கென்று படிப்படியாக ஒரு தள்ளல் தெரியும், அது மோட்டாருக்குப் போகும் வோல்டேஜைப் படிப்படியாகக் கூட்டும் டேப் சேஞ்சர் வேலை. புது த்ரீ பேஸ் வண்டியில் அது இல்லை, ஒரு ரீங்காரம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். பிரேக் போடும்போது அது கரண்டைத் திருப்பிக் கம்பிக்கே அனுப்பும்.

மூர் மார்க்கெட் போய்ச் சேர்ந்ததும் எஞ்சினைக் கழற்றி மாட்டுவதும் இல்லை. மோட்டார்மேன் அந்தக் கோடிக்கும் கார்டு இந்தக் கோடிக்கும் நடந்து வந்தால் வண்டி திரும்பத் தயார். கார்டு இரண்டு மணி அடித்தால் கிளம்பு, ஒரு மணி அடித்தால் நில். இந்த அவசரத்தில் தண்ணீர் நிரப்ப, கழுவ நேரம் எங்கே என்று அதிகாரிகள் கேட்பார்கள். இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டும் மோட்டார்மேனுக்கும் அந்த கேபினில் கழிவறை கிடையாது. பெண் மோட்டார்மேன்கள் வந்த பிறகு இதை நினைத்து நான் வருத்தப்பட்டிருக்கிறேன்.

அகலத்துக்கு வருகிறேன், நீங்கள் அளவெடுக்கிறவர், சட்டென்று புரியும். லோக்கல் பெட்டி 3.66 மீட்டர் அகலம். மெமு பெட்டி மற்ற ரயில் பெட்டிகளைப் போல 3.25 மீட்டர்தான். கிட்டத்தட்ட ஒரு முழம் வித்தியாசம். அந்த ஒரு முழத்தில்தான் தடாவில் ஏறுகிற கூட்டம் நிற்கிறது. மெமு 1995-ல் அசன்சோல்–ஆத்ரா பக்கம் முதலில் வந்தது. சின்னச் சின்ன ஊர்களுக்கு இடையே, எஞ்சின் வைத்த பாசஞ்சர் வண்டிக்குப் பதிலாக விட்டார்கள். தூரம் அதிகம் என்பதால் கழிவறை வைத்தார்கள். தாழ்ந்த பிளாட்பாரத்தில் இறங்கப் படியும் வைத்தார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. தூரத்தில் வரும்போதே பாருங்கள். மெமுவில் முதல் பெட்டியிலேயே மோட்டார்மேன் கேபினும் இருக்கும், கூரையில் பேன்டோவும் இருக்கும். அதாவது கம்பியைத் தொடும் அந்தக் கை முதல் பெட்டியின் மேலேயே தூக்கி நிற்கும். லோக்கலில் முதல் பெட்டியின் தலை மொட்டையாக இருக்கும், பேன்டோ உள்ளே தள்ளி இருக்கிற மோட்டார் பெட்டியின் மேல்தான். சூலூர்பேட்டை பிளாட்பாரத்திலிருந்து பார்த்தால் அது நன்றாகவே தெரியும்.

இன்னும் சுலபமானது நம்பர். வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஐந்து இலக்க நம்பரில் முதல் எண் 4 என்றால் சென்னை லோக்கல். 6 என்றால் மெமு. கால அட்டவணையில் 6-ல் தொடங்கும் வண்டி உங்களுக்குத் தோதான நேரத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். எப்போதாவது ரேக், அதாவது பெட்டி வரிசை, மாறி வருவதும் உண்டு, அதனால் பேன்டோவையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஏறும்போது முதல் பெட்டியிலும் கடைசிப் பெட்டியிலும் ஏறாதீர்கள். மோட்டார் சாமான்களே அங்கே பாதி இடத்தை அடைத்திருக்கும், கழிவறை நடுப் பெட்டிகளில்தான்.


பதில்: வாளையார் வாசல்

நான் இந்தக் கோடி, கேரள எல்லை. பாலக்காட்டிலிருந்து கோவைக்கு மெமுவில் வேலைக்குப் போகிறவள். பாலக்காட்டிலேயே மெமு ஷெட் இருப்பதால் எங்களுக்கு இந்த வண்டிதான் பழக்கம். உங்கள் தூரத்தைவிட எங்கள் தூரம் குறைவு, ஆனாலும் எங்கள் வண்டியில் கழிவறை இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படிக்கும் வரை அது ஒரு வசதி என்றே நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அம்மாவைக் கூட்டிப் போகிறவருக்கு என் அனுபவத்தில் ஒன்றிரண்டு. காலைக் கூட்டத்தில் கழிவறைக் கதவு வரை ஆட்கள் நிற்பார்கள், வெட்கப்படாமல் 'வயசானவங்க, வழி விடுங்க' என்று சத்தமாகச் சொல்லுங்கள். எல்லோரும் ஒதுங்குவார்கள், நான் பார்த்திருக்கிறேன். கையில் ஒரு பாட்டில் தண்ணீர் தனியாக வைத்திருங்கள், குழாயை நம்ப வேண்டாம். மெமுவின் படி பழைய பாசஞ்சர் போலச் செங்குத்தாக இருக்கும் இடமும் உண்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் முதலில் நீங்கள் ஏறி மேலிருந்து கை கொடுக்காதீர்கள். அம்மா முன்னால் ஏறட்டும், நீங்கள் கீழே பின்னால் நில்லுங்கள். என் மாமியாரை அப்படித்தான் ஏற்றுவேன்.

வாளையாருக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் நடுவில் யானை நடமாட்டம் இருப்பதால் ராத்திரியில் வண்டி மெல்லத்தான் போகும். அந்த மாதிரி நேரத்தில்தான் கழிவறையின் அருமை தெரிகிறது. வண்டி எதற்காக நின்றாலும் உள்ளே இருப்பவர் உடம்பு காத்திருக்காது.


கேட்டவர்: ஏரிக்கரைத் தையல்

ஷெட்கார ஐயாவுக்கும், தம்பிக்கும், வாளையார் அக்காவுக்கும் நன்றி. ஐயா எழுதியதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். 'மொட்டைத் தலை' என்ற இடத்தில் சிரித்துவிட்டார், நாங்கள் இருவரும் சேர்ந்து ஸ்டேஷனில் நின்று இரண்டு வண்டியைப் பார்த்துப் பழகியும் விட்டோம்.

அம்மாவே ஒன்று கேட்கச் சொன்னார். வழியில் ஓரிடத்தில் லைட்டும் பேனும் நின்று, சத்தமும் அடங்கி, வண்டி சும்மா உருள்கிறதே, அது கரண்ட் கட்டா? ஒவ்வொரு தடவையும் வண்டி நின்றுவிடுமோ என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார். இன்னொன்று, மெமு கேட்டு மனு கொடுக்க வேண்டுமென்றால் யாருக்குக் கொடுப்பது? நாங்கள் இருப்பது ஆந்திரா.


பதில்: ஓய்வுபெற்ற ஷெட்காரன்

அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அது நியூட்ரல் செக்ஷன். ஒரு சப்ஸ்டேஷன் கொடுக்கும் கரண்டும் அடுத்த சப்ஸ்டேஷன் கொடுக்கும் கரண்டும் வேறு வேறு பேஸ், அதாவது ஏறி இறங்கும் நேரம் ஒத்துப்போகாது. இரண்டும் ஒன்றோடொன்று தொடக் கூடாது. அதனால் நடுவில் கொஞ்ச தூரம் கம்பியில் கரண்டே வைக்க மாட்டார்கள். அங்கே போவதற்கு 500 மீட்டர் முன்னால் ஒரு பலகை, 250 மீட்டர் முன்னால் ஒரு பலகை மோட்டார்மேனை எச்சரிக்கும். அடுத்து 'டி.ஜே. ஓபன்' பலகை வந்ததும் அவர் கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறப்பார், வண்டி போன வேகத்திலேயே உருண்டு தாண்டும், 'டி.ஜே. க்ளோஸ்' பலகையில் திரும்பப் போடுவார். 25,000 வோல்ட் முறையை நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், அதனால் பிரேக்கருக்கு 'டி.ஜே.' என்று அவர்கள் வைத்த பெயர் இன்னும் நம் தண்டவாளத்து ஓரம் பலகையில் நிற்கிறது. அடுத்த தடவை லைட் நின்றதும் அம்மாவை மெதுவாக எண்ணச் சொல்லுங்கள். கொஞ்சம் எண்ணுவதற்குள் பேன் சுற்ற ஆரம்பித்துவிடும்.

மனு விஷயம். ஊர் ஆந்திராவில் இருந்தாலும் உங்கள் ஸ்டேஷன் தெற்கு ரயில்வே, சென்னைக் கோட்டம். விஜயவாடாவுக்கு எழுதாதீர்கள், சுற்றி வரும். சென்னைக் கோட்ட மேலாளருக்கு எழுதுங்கள். ஸ்டேஷன் கழிவறை பூட்டியிருந்தால் அங்கே நின்றபடியே 139-க்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் எழுதும் மனுவில் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். மனுவில் எல்லா லோக்கலையும் மாற்றச் சொல்லாதீர்கள், தம்பி மாதிரி ஆட்கள் பிழைப்பு அதில் இருக்கிறது. கூட்டம் குறைந்த நேரத்தில் சூலூர்பேட்டை வரை முழுதாக ஓடும் வண்டிகளில் ஒன்றிரண்டை மெமு ரேக்காக விடுங்கள், மின்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி கழிவறைகளை முதல் வண்டி முதல் கடைசி வண்டி வரை திறந்து வையுங்கள் என்று மட்டும் கேளுங்கள். அத்திப்பட்டு தாண்டினால் இரண்டே தடம், ஹௌரா எக்ஸ்பிரஸும் அதில்தான் வர வேண்டும், லோக்கல் ஒதுங்கி நிற்பது சீக்கிரம் தீராது. அதையும் மனுவில் காரணமாக எழுதுங்கள். முந்தானையில் முடிந்த மாத்திரையைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள்.


பதில்: தடா ஷிப்ட்

ஐயா சொன்ன மாதிரி எழுதினால் நான் கையெழுத்துப் போடுகிறேன் அக்கா. எங்கள் கம்பெனி லைனில் இருக்கிற பெண்கள் பதினேழு பேரும் போடுவார்கள். அவர்களும் ஷிப்ட் நாளில் தண்ணீர் குடிக்காமல்தான் வருகிறார்கள் என்று நேற்று கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தாளை அனுப்பி வையுங்கள்.


கேட்டவர்: ஏரிக்கரைத் தையல்

நேற்று போய்விட்டு வந்தோம். டாக்டரிடம் கேட்டேன், மாத்திரையை எத்தனை மணிக்குப் போட வேண்டும் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். போகும்போது எங்கள் நேரத்துக்கு மெமு அமையவில்லை, தம்பி சொன்னபடி கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஏறினோம். அங்கே கழிவறை திறந்திருந்தது. அம்மா அரை டம்ளர் டீயும் குடித்தார், ரயில் பயணத்தில் அவர் டீ குடித்து நான் பார்த்து வருடக்கணக்காகிறது.

திரும்பும்போது நம்பர் 6-ல் தொடங்கும் வண்டி. முதல் பெட்டியின் மேல் பேன்டோவை என்னைவிட முன்னால் அம்மாதான் பார்த்தார். நடுப் பெட்டியில் ஏறினோம். தடா தாண்டிய பிறகு ஒரு தடவை எழுந்து போய்விட்டு வந்து, முகம் கழுவின ஈரத்தோடு உட்கார்ந்து, அக்கம்பேட்டை வரை எதிர் சீட்டுக்காரரிடம் தெலுங்கில் பேசிக்கொண்டே வந்தார்.

மனுவைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி முடித்துவிட்டேன். கடைக்கு வருகிறவர்கள் இதுவரை 43 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தடா ஸ்டேஷனுக்கு வருகிறேன் தம்பி, டிக்கெட் கவுன்டர் பக்கம் நிற்பேன்.